ரசீது பட்டா ஆகாது

தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் வீடு வாங்குவோர் கேட்பது இதுதான்: "பணம் கட்டிய ரசீது இருக்கிறதே, போதாதா?"

போதாது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, பட்டாவில் பெயர் பதிவானவரே உரிமையாளர். ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞர் மூலம் நில அலுவலகப் பதிவைப் பாருங்கள். விற்பவர் பெயர்தான் பட்டாவில் உள்ளதா? வங்கியில் அடமானமா? யாரேனும் கேவியட் போட்டுத் தடுத்திருக்கிறார்களா? மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா? குத்தகை நிலமென்றால், எத்தனை ஆண்டு மிச்சம், பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா?

தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறைகளாக வாழ்ந்த லயத்து வீட்டுக்கு நம்மிடம் ஒரு தாளும் இல்லை. இனி வாங்கும் வீட்டுக்காவது நம் பெயர் பதிந்த பட்டா இருக்கட்டும்.