மலையேறிய வீடுகள்: நீலகிரியும் வண்டிக் குடித்தனத்தின் வரலாறும்

இப்போது நான் நிற்கிற இடம் பர்லியார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது, கல்லாறு தாண்டியதும் பாக்கும் பலாவும் மங்குஸ்தானும் அடர்ந்து நிற்குமே, அந்த இடம். மலையேறும் வண்டிகள் இங்கே சற்று மூச்சு வாங்கிவிட்டுப் போவது பழைய வழக்கம். இன்ஜினுக்கு ஓய்வு, ஓட்டுநருக்கு டீ.

இந்த வழியாக இப்போது ஒரு புது வகை வண்டியும் எப்போதாவது ஏறி வருகிறது. பார்த்தால் சாதாரண பிக்கப் போலத்தான் இருக்கும். ஆனால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் சரக்குக்குப் பதில் ஒரு சின்ன அறை உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, துணி வைக்க ஒரு அலமாரி. இதுதான் ட்ரக் கேம்பர். சிலவற்றில் நான்கு மூலையிலும் கால்கள் இருக்கும். அறையை அந்தக் கால்களில் நிறுத்திவிட்டு, வண்டியை மட்டும் உருவிக்கொண்டு கடைக்குப் போய் வரலாம்.

இப்படி ஒரு கூட்டுக்குள் ஆண்டு முழுக்கக் குடித்தனம் நடத்துகிற தம்பதிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் ஊரிலும் இந்த ஆசை வளர்ந்து வருகிறது. இது அமெரிக்காவிலிருந்து வந்த புது மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்மிடம் இதற்கு ஏறக்குறைய 2,000 வருடக் கதை இருக்கிறது. அதை இந்த மலையில் ஏறிக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் கடற்கரைக்குப் போவோம். சங்க காலத்தில் உமணர் என்று ஒரு கூட்டம் இருந்தது. உப்பு வணிகர்கள். உப்பளத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு, காடும் மேடும் தாண்டி உள்நாட்டு ஊர்களில் விற்பார்கள். போய்த் திரும்ப எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதனால் குடும்பமே வண்டியோடு கிளம்பியது.

அந்த வண்டி எப்படி இருந்தது என்பதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்கிறது. மேலே புல்லால் வேய்ந்த கூரை. வாசல் பக்கம் கோழி அடைகிற கூடு. ஒரு சிறிய உரல், ஆடும்படி கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. வண்டியின் மூக்கில் காடி வைத்த பானை. மாட்டை ஓட்டுவது யார் தெரியுமா? கையில் குழந்தையோடு ஒரு பெண். ஆண்கள் வண்டிக்குப் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள்.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். கூரை, சமையல் சாமான், திரவ உணவு, முட்டைக்கும் கறிக்கும் கோழி. இன்றைக்குக் கேம்பர் கட்டுகிறவர் தாளில் எழுதி வைக்கிற அதே கணக்கு. புறநானூற்றில் ஔவையார் இன்னொன்றையும் காட்டுகிறார். உமணர் தங்கள் வண்டிக்கு அடியில் ஒரு உபரி அச்சைக் கட்டி வைத்திருப்பார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, அச்சு முறிந்தால் நட்டநடுக் காட்டில் யாரைக் கூப்பிடுவது? நாம் இன்று ஸ்டெப்னி என்று சொல்கிறோமே, அதற்குத் தமிழில் அவ்வளவு பழைய சொல் இருக்கிறது.

அந்த மாதிரி மாட்டு வண்டி ஏதும் நீலகிரியின் உச்சிக்கு எளிதில் வந்துவிட முடியாது. இந்த மலைக்குச் சுவர் மாதிரிச் சரிவு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். நடுவில் 1,900 மீட்டர் ஏற்றம். அதனால் மேலே வாழ்ந்தவர்கள் சக்கரத்தை நம்பவில்லை. கோடை வறட்சியில் புல் காய்ந்தால் தோடர்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு, குடும்பத்தோடு வேறொரு மந்துக்கு, அதாவது தங்கள் இன்னொரு குடியிருப்புக்கு, இடம் பெயர்வார்கள். அங்கே வீடு ஏற்கெனவே இருக்கும். வீட்டைச் சுமந்து போவதற்குப் பதிலாக, புல் இருக்கிற இடத்தில் இன்னொரு வீடு. மலையில் நகர்ந்து வாழ்வதற்கு அவர்கள் கண்ட வழி அது. சுமை இல்லாத வழி.

இங்கே சுமையோடு ஏற நினைத்தவர்களின் கதை 1819-ல் தொடங்குகிறது. அப்போது கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன். அந்த வருடம் அவர் மலையேறி வந்து பார்த்தார். திரும்பிப் போக மனமில்லை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்கினார். பிறகு ஊட்டியில் கல் வீடு கட்டினார். ஸ்டோன் ஹவுஸ் என்று இன்றும் நிற்கிறது. அவர் மனைவி ஹென்றியேட்டா, நீலகிரியில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண் என்று சொல்லப்படுபவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான் அத்தனையையும் மனிதர்களும் பொதிமாடுகளும் சுமந்துதான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. 1838-ல் ஹென்றியேட்டாவும் ஒரு மகளும் இங்கேயே இறந்தார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் கல்லறை இருக்கிறது. இந்த மலையைத் தேடி வீட்டோடு வந்த ஒரு தம்பதியின் கதை அங்கே முடிகிறது.

1834-ல் பிரிட்டிஷ் அரசியல்வாதி மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்தார். ஏறக்குறைய 400 மைல். முழு தூரமும் பல்லக்கில், மனிதத் தோள்களில். ஒருவர் படுத்துக்கொண்டே பயணம் செய்ய வசதியான ஒரு சிறு அறைதான் பல்லக்கு. அதற்குக் கீழே வியர்த்துக்கொண்டு ஓடிய தோள்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நகரும் வீட்டின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது. ஏறுகிறவரின் சுமை ஒவ்வொரு காலத்திலும் இன்னொருவர் முதுகில் இறங்கியிருக்கிறது.

பிறகு பாதைகள் வந்தன. 1821 முதல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் முதல் பாதையை மக்ஃபர்சன் என்ற ராணுவ அதிகாரி போட்டார். 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் வழி உருவானது. அது செங்குத்தான வழி. சரிவைக் குறைத்து, வளைத்து வளைத்துப் புதுப் பாதை போட்ட பிறகு, 1870-களில்தான் வண்டிப் போக்குவரத்து சுலபமானது. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து மேலே டோங்கா, மாட்டு வண்டி. உமணர் வண்டியின் உறவினர்கள் கடைசியில் மலையேறிவிட்டார்கள்.

1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் மலை ரயில். 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான பகுதி. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிற சரிவு. வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் வைத்த தண்டவாளம். இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னால் நின்று தள்ளும். ஏன்? இணைப்பு எங்காவது அறுந்தால் பெட்டிகள் கீழே ஓடிவிடாமல் தாங்கிக்கொள்ள. ஏறுவதைவிட, ஏற்றிய எடையைப் பிடித்து நிறுத்துவதுதான் மலையில் பெரிய வேலை என்பதை அந்த இன்ஜினியர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேம்பர் கதையில் மறுபடி வரும்.

அடுத்து, கட்டாயத்தால் மலையேறியவர்கள். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து ஊர் ஊராக. பல ஆயிரம் குடும்பங்கள் இந்த மலைக்கு அனுப்பப்பட்டன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போனால் இன்றும் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். ஒரு தகரப் பெட்டி, பாய், சட்டிபானை என்று வாழ்க்கையையே மூட்டை கட்டிக்கொண்டு, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் முன்பின் பார்க்காத மலைக்கு ஏறினார்கள்.

ஆசைப்பட்டு வீட்டை வண்டியில் ஏற்றுகிறவருக்குத் திரும்பிப் போக ஒரு கதவு இருக்கும். அவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. பயணமே வாழ்க்கை என்று நாம் மகிழ்ச்சியாகப் பேசுகிற ஒவ்வொரு முறையும் அவர்களை நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ட்ரக் கேம்பருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பிக்கப் வண்டிகள் பெருகின. வாரநாளில் பண்ணை வேலை, விடுமுறையில் மீன்பிடிப்பு. அதற்கு ஏற்றி இறக்கும் அறைகள் வந்தன. அவற்றுக்குப் பெரிய புகழ் தேடித் தந்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக். 1960-ல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பில் அறை பொருத்தி, டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரையே வைத்து, ரோசினான்டே என்று அழைத்தார். சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றினார். அந்த வண்டி இன்று கலிஃபோர்னியாவின் சலினாஸில் அவர் பெயரிலான மையத்தில் இருக்கிறது.

தம்பதிகள் என்றால் இரண்டு ஜோடிகளைச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் எமில், லிலியானா ஷ்மிட். 1984 அக்டோபரில் ஒரு டொயோட்டா லேண்ட் குரூஸரில் கிளம்பினார்கள். ஒரு வருடம் என்று நினைத்த பயணம் பல பத்தாண்டுகளாக நீண்டு, கின்னஸ் சாதனை ஆனது. இன்னொருவர் ஜெர்மனியின் குன்தர் ஹோல்டோர்ஃப். மனைவி கிறிஸ்டினோடு ஓட்டோ என்று பெயரிட்ட ஒரு மெர்சிடிஸ் ஜீப்பில் சுமார் 9 லட்சம் கிலோமீட்டர். 2010-ல் கிறிஸ்டின் இறந்துபோனார். அவர் படத்தை வண்டியின் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு, 2014 வரை ஹோல்டோர்ஃப் ஓட்டி முடித்தார். வண்டி இப்போது ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர்கள் உதிரிபாகங்களையும் சுமந்து திரிந்தார்கள். உமணரின் சேம அச்சுதான் அதுவும்.

இப்போது நீலகிரிக்கு ஒரு கேம்பர் ஏற வேண்டும் என்றால் என்ன யோசிக்க வேண்டும்?

முதலில் சட்டம். நினைத்தபடி வண்டியை வெட்டி ஒட்ட முடியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக மாற்றம் செய்யக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஆசையோடு பட்டறைக்குப் போகும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எது அனுமதி, எது கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எடை. சாதாரண பிக்கப் ஒரு டன் அளவில்தான் சுமக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு பேர், ஆளுக்குப் பத்து லிட்டர், நான்கு நாள் என்றால் 80 கிலோ தண்ணீருக்கே போய்விடும். பேட்டரி, கேஸ், படுக்கை, மரப்பலகை எல்லாம் அதற்கு மேலே. அந்த எடை ஏறும்போது இன்ஜினைத்தான் சிரமப்படுத்தும். இறங்கும்போது உயிரோடு விளையாடும். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவில் கல்லட்டி மலைப்பாதை இருக்கிறதே, 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகளால் விபத்துக்கு மேல் விபத்து நடந்து, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடே வந்தது. பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடாகி, பிடிப்பு போய்விடும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று இங்கே உள்ள ஓட்டுநர்கள் சொல்வார்கள். ரயில் இன்ஜின் பின்னால் நிற்கிற அதே பாடம்.

மூன்றாவது உயரமும் குளிரும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும். குக்கர் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மூடிய அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டாலே காலையில் சுவரெல்லாம் நீர் வழியும். குளிருக்குப் பயந்து உள்ளே கரி அடுப்பையோ கேஸையோ எரிய விட்டுத் தூங்காதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, இந்த மலையின் பொறுமை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் எல்லை வைத்தது. பந்திப்பூர் வழியில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. காட்டுச் சாலையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் படுக்க முடியாது, படுக்கவும் கூடாது. அது யானை நடக்கிற வழி. இதைச் சிலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இடம் கேட்டு வருகிறவர் வாசலில் நின்று அனுமதி கேட்பது மரியாதை.

இத்தனை நூற்றாண்டிலும் இந்த மலை ஏறி வந்த ஒவ்வொரு வீட்டையும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறது: இதில் எது உனக்கு உண்மையிலேயே வேண்டும்? தோடர்கள் எருமையோடு நடந்து பதில் சொன்னார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு தகரப் பெட்டிக்கு மேல் வாய்க்கவில்லை. உமணப் பெண் ஒரு உரல், ஒரு பானை, ஒரு கோழிக்கூட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டை ஓட்டினாள். தேவைக்கு மேல் அவள் ஏற்றிய ஒரே பொருள் சேம அச்சு. ஏனென்றால் வழி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள யாராலும் முடியாது.

நீங்களும் உங்கள் துணையும் ஒரு நாள் பிக்கப்பில் வீட்டைக் கட்டிக்கொண்டு பர்லியார் தாண்டி ஏறினால், இங்கே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். இன்ஜின் ஆறட்டும். பின்கதவைத் திறந்து, எதை எடுத்து வந்திருக்கிறோம் என்று இருவருமாக ஒரு தடவை பாருங்கள். மேலே கொண்டுபோவது ஒவ்வொன்றையும், குப்பை உட்பட, திரும்பக் கீழே கொண்டுவர வேண்டியவர்கள் நீங்கள்தான்.