அண்டை நாடும் நட்புச் சொல்லும்



லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிக்கொள்வதுண்டு. வேலித் தகராறு வரும்போதுதான் அந்தச் சொல்லின் எடை தெரியும். நாடுகளின் கதையும் அதுவே.

மலேசியாவும் இந்தோனேசியாவும் உறவு பேசும்போது 'செரும்புன்' என்ற மலாய்ச் சொல் அடிக்கடி வரும். ஒரே குத்தில் முளைத்த மூங்கில்களைப் போன்றவர்கள் என்பது அதன் கருத்து. 1963 ஆகஸ்டு 5-ஆம் நாள் மணிலாவில் துங்கு அப்துல் ரஹ்மான், சுகர்ணோ, மக்காபகால் ஆகிய மூவரும் இன, பண்பாட்டு உறவைச் சொல்லி, மலாயா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய பெயர்களை இணைத்து 'மாபிலிண்டோ' என்ற அமைப்பை அறிவித்தார்கள். ஆறே வாரத்தில், செப்டம்பர் 16-இல், மலேசியா பிறந்தது. மறுநாளே தூதரக உறவு முறிந்தது. இந்தோனேசியா அவ்வாண்டு ஜனவரியிலேயே அறிவித்திருந்த 'கொன்ப்ரொந்தாசி' என்னும் எதிர்ப்பு முற்றியது. 1964-இல் ஜொகூரின் பொந்தியானில் கடல் வழியாகவும், லாபிஸில் வான் வழியாகவும் ஆயுதம் தாங்கியவர்கள் இறங்கினார்கள். லாபிஸ், நம்மைப் போன்ற பால்மரத் தொழிலாளர்கள் வாழ்ந்த வட்டாரம். தலைவர்களின் சொல் முறிந்தால் அச்சம் வந்து நிற்பது ஏழையின் வாசலில்தான்.

அப்படியானால் நட்புப் பேச்சு வெறும் பசப்புத்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 1966 ஆகஸ்டு 11-இல் ஜகார்த்தாவில் துன் அப்துல் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் ஒப்பந்தம் செய்து சண்டையை முடித்தார்கள். "நீ தோற்றாய்" என்று யாரும் சொல்லவில்லை. சபா, சரவாக் மக்கள் தங்கள் முடிவைப் பொதுத் தேர்தல் வழியாக மீண்டும் உறுதி செய்ய வாய்ப்புத் தரப்படும் என்று எழுதினார்கள். தலை குனியாமல் திரும்பி வர, நட்புச் சொல் ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

சொல்லோடு அவர்கள் நிற்கவில்லை. 1970 மார்ச்சு 17-இல் கோலாலம்பூரில் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் மலாக்கா நீரிணையில் இரு நாட்டுக் கடல் எல்லைக்கும் கோடு வகுத்தார்கள். கிள்ளான் துறைமுகத்துக்கு நேர் எதிரே, நீரிணைக்கு அப்பால் இருப்பது சுமத்திராதான். அந்தக் கோடு எத்தனையோ வாய்ச்சண்டைகளுக்கு அணை. பிறகு சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்ற வழக்கை இரு நாடுகளும் சேர்ந்தே அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டு போயின. 2002 டிசம்பர் 17-இல் தீர்ப்பு மலேசியாவின் பக்கம் வந்தது. இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது.

ஆகவே நேயர்களே, செய்தியில் "சகோதர நாடு" என்ற சொல்லைக் கேட்டால் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். என்ன கையெழுத்தானது? எல்லை எங்கே குறிக்கப்பட்டது? தகராறு வந்தால் யாரிடம் போவார்கள்? பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம். பதில் இருந்தால் அது நட்பு. இல்லையென்றால் வெறும் உபசாரம்.