காலத்தைப் பிசகாமல் சொல்வோம்



ஆங்கில இலக்கணத்தைப் பற்றி டொக்டர் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நாம் தமிழில் படித்தோம். ஆஸ்பத்திரியில் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். தோட்டத்து அம்மா சொல்வதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவள் பெரும்பாலும் படித்த மகள்தான். இன்று வெளிநாட்டில் இருக்கும் நம் தங்கைமாருக்கும் இதே வேலைதான்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் குளிர் என்றாலும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் காய்ச்சலோடு லயத்துக்கு வருகிறார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தொடங்குகிறது. அதனால் நாள் கணக்கு எங்களுக்கு உயிர்க் கணக்கு.

இதற்குத் தமிழே வழி காட்டுகிறது. ‘மூன்று நாளாக’ என்பது கால அளவு; அதற்கு ‘ஃபோர்’. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்பது தொடங்கிய நேரம், அதற்கு ‘சின்ஸ்’. ‘சின்ஸ் த்ரீ டேய்ஸ்’ என்று இரண்டையும் கலக்கக் கூடாது. வினைச்சொல்லும் முக்கியம். ‘ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபோர் த்ரீ டேய்ஸ்’ என்றால் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. ‘ஹேட்’ என்று மட்டும் சொன்னால் விட்டுவிட்டது என்று அர்த்தமாகும்.

‘வெள்ளிக்கிழமை வரை மருந்து குடியுங்கள்’ என்பதற்கு ‘அன்டில்’. ‘வெள்ளிக்கிழமைக்குள் இரத்தம் சோதியுங்கள்’ என்பதற்கு ‘பை’. முன்னையதில் தினமும் செய்ய வேண்டும். பின்னையதில் ஒரு தடவை முடித்தால் போதும். ‘இரண்டு மணித்தியாலத்துக்குள்’ என்று அளவைச் சொன்னால் ‘விதின்’.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, கொழுந்தெடுக்கவும் போகத் தொடங்குவார்கள். அங்கே ‘ஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்’ என்பதை ‘ஆறு மாதத்துக்குள் சுகமாகும்’ என்று வீட்டில் விளக்கினால், மருந்து பாதியில் நிற்கும். நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

சந்தேகம் வந்தால் திகதியையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். “12ஆம் திகதி இரவு தொடங்கியது, இன்னும் இருக்கிறது” என்றால் எந்த நாட்டு டொக்டருக்கும் விளங்கும்.

இங்கிலிஷ் பேச வெட்கப்படும் தாய்மார் நம் தோட்டங்களில் நிறைய. அவர்கள் பக்கத்தில் நின்று சரியாகச் சொல்லிக்கொடுப்பது, நூறு வயதான நம் பாடசாலைக்கு நாம் செய்யும் மரியாதை.