வீட்டுச் சலுகையும் பெண்ணின் பேரும்



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம், வீடு வாங்குகிறவர்களுக்குச் சர்க்கார் செய்யும் பண உதவியும் வரிச் சலுகையும் என்பதாகும். சலுகை என்றதும் நம் ஜனங்களுக்குக் காது தானாக நீளும்; நீளட்டும். ஆனால் அவற்றில் சில யார் பேரைச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன என்பதை எத்தனை பேர் யோசித்தீர்கள் என்று கேட்கிறேன்.

மத்திய சர்க்காரின் பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் ஆரம்பமாயிற்று. வருஷ வருமானம் 9 லட்சத்திற்குள் உள்ளதும், நாட்டில் எங்கும் சொந்தக் கட்டிட வீடு இல்லாததுமான குடும்பம், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டை 25 லட்சத்திற்குள் கடன் பெற்று வாங்கினால், கடனில் முதல் 8 லட்சத்திற்கு 100க்கு 4 வீதம் வட்டி மானியம் உண்டு. அது அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 5 வருஷத் தவணையாக வரும். வீடு குடும்பத்துப் பெண்ணின் பேரிலோ, கணவன் மனைவி இருவர் பேரிலுமோ இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

நம் மாகாண சர்க்காரும் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 100க்கு 1 குறைத்திருக்கிறது. 10 லட்சத்திற்கு 90 ஆயிரம் கட்ட வேண்டிய இடத்தில் 80 ஆயிரம் கட்டினால் போதும். (அவிநாசி ரோட்டில் 10 லட்சத்திற்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள்; இது கிராமத்துப் பக்கம் வாங்குகிறவர்களுக்குத்தான் உதவும்.)

இந்தப் பத்தாயிரத்திற்காக நம் ஆண்மக்கள் இப்போது பெண்டாட்டி பேரில் பத்திரம் எழுத ஓடுகிறார்கள். சந்தோஷம். ஆனால் எழுதிய பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது? சாவி யாரிடம்? நாளைக்குப் பட்டறைக்குப் பணம் வேண்டுமென்றால், அந்தம்மாளிடம் காகிதத்தை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்துப் போடு, அம்மணி" என்றால் என்ன ஏது என்று கேட்க முடிகிறதா? பேர் மட்டும் அவளுக்கும் அதிகாரம் இவருக்கும் என்றால் அது சர்க்காரை ஏய்ப்பதேயொழிய வேறென்ன?

வருமான வரியைப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டியில் வருஷத்திற்கு 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது. புதிய முறைக்குப் போனவர்களுக்கு இல்லை. இருவர் கூட்டாகச் சொந்தக்காரராயும் கடன்காரராயும் இருந்தால், இருவரும் தத்தம் பங்குக்குத் தனித்தனியே 2 லட்சம் வரை கழிக்கலாம். ஆனால் கடன் கட்டினால் மட்டும் போதாது, வீட்டிலும் பங்கு இருக்க வேண்டும். பீளமேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண் மாதாமாதம் சம்பளத்தில் தவணை கட்டி, வீடு புருஷன் பேரில் மட்டும் இருந்தால், அவளுக்குக் காலணாச் சலுகை கிடையாது. வீடும் கிடையாது. பணம் மாத்திரம் அவளுடையது.

இனி இதே சர்க்காரின் இன்னொரு சலுகையைச் சொல்லுகிறேன். குடும்பத்திற்குள் பங்கை விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 100க்கு 1தான். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இந்த மலிவான பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் யார்? நம் கொங்கு நாட்டுச் சகோதரிகள். பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். சென்னைச் சட்டசபையில் அது சட்டமாக 60 வருஷமாயிற்று, 1989இல் வந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? "சீர் செய்தாயிற்று, கல்யாணத்திற்கு நகை போட்டாயிற்று, பிறந்தவன் உறவு முறியலாமா?" என்று சொல்லி, கூடப் பிறந்தவளைச் சார்பதிவாளர் கச்சேரிக்கு வண்டியில் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கி, திரும்பும் வழியில் ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள். மனைவி பேரில் எழுதிப் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கும் அதே கை, அக்காள் தங்கையின் பங்கை ஒரு சேலைக்கு வாங்குகிறது. தோழர்களே, இரண்டும் ஒரே கச்சேரியில்தானே நடக்கிறது?

தாய்மார்களே! வீடு வாங்கும்போது பத்திரத்தில் உங்கள் பேரும், கடன் காகிதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். மூலப்பத்திரம் பாங்கியில் இருந்தால் அதன் நகலை உங்கள் பெட்டியில் வையுங்கள். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்க மறுத்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து விடுங்கள்.