வடதுருவத்துக்குச் சென்ற பாதரசம்



பாதரசத்தை அறியாதவர் நம்மில் இலர். உஷ்ணமானி கை தவறி உடைந்ததும், முத்து முத்தாகத் தரையில் உருண்டோடும் அந்த வெள்ளி நிறத் திரவத்தைப் பிடிக்க முயன்று தோற்ற அனுபவம் பலருக்கு உண்டு. நம் சித்தர்கள் அதனைச் சூதம் என்றும் இரசம் என்றும் அழைத்தனர். தீயிலிட்டால் நில்லாமல் ஆவியாகி ஓடிவிடும் அதனை, ஓடாதபடி கட்டுவதையே ஒரு பெரும் வித்தையாகக் கருதினர். இன்று நான் சொல்லப் போகும் செய்தி முழுவதும் அந்த ஓடும் குணத்திலிருந்தே பிறக்கிறது. ஓடிச் சென்று பாதரசம் சேரும் இடங்களுள் ஒன்று, மனிதர் மிகக் குறைவாக வாழும் வடதுருவப் பிரதேசம்.

கனடா நாட்டின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் கரையில், அலர்ட் என்ற சிறு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து துருவம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்தில் ஆலை இல்லை, நகரம் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. ஆயினும் அந்த வடகடல்களை நம்பி வாழும் துருவக் கரடிகளின் மயிரையும், வெண்திமிங்கிலங்களின் பற்களையும் பழைய காலத்தவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், சென்ற 150 ஆண்டுகளில் அவ்விடத்துப் பெரிய விலங்குகளின் உடலில் பாதரசம் சராசரியாகப் பத்து மடங்கு ஏறியிருப்பதைக் கண்டனர். அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

பெரும்பாலும் காற்றுதான். நிலக்கரியில் மிகச் சிறிதளவு பாதரசம் உண்டு. நிலக்கரி எரியும்போது அஃது ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. சிறு அளவில் பொன் எடுப்பவர்கள், பொன்துகளைப் பாதரசத்தோடு கலந்து திரட்டி, பின்பு அக்கலவையைச் சூடாக்குகின்றனர். பொன் எஞ்சுகிறது, பாதரசம் விண்ணேறுகிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2015-ஆம் ஆண்டில் மனித முயற்சியால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,200 டன். அதில் நூற்றுக்கு 38 பங்கு அத்தகைய சிறு பொன் தொழிலாலும், 21 பங்கு நிலக்கரியாலும் வந்தவை. எரிமலைகளும் தம் பங்கைச் செலுத்துகின்றன. மனிதர் செலுத்துவதை நோக்க அது சிறிது. இந்த ஆவி மழைநீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் உடனே விழுந்துவிடாமல், பல மாதங்கள் உலவிப் பூமியையே சுற்றி வருகிறது. தென் அமெரிக்கக் காட்டில் ஒருவன் பொன் காய்ச்சிய ஆவியும், ஆசிய நகரமொன்றின் மின்நிலையப் புகையும் வடதுருவ வானில் ஒன்றாய்க் கலந்து நிற்கும்.

நிற்கும் பாதரசம் கீழே இறங்குவது எவ்வாறு? இதன் விடையில் ஒரு பகுதி அலர்ட்டிலேயே கிடைத்தது. 1995-ஆம் ஆண்டில் ஷ்ரோடர் என்ற கனடிய விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் அங்கே காற்றிலுள்ள பாதரசத்தை இடைவிடாமல் அளக்கும் கருவியை நிறுவினர். அக்டோபர் நடுவில் மறையும் சூரியன் அலர்ட்டில் பிப்ரவரி இறுதியில்தான் மீண்டும் தலைகாட்டும். சூரியன் மீண்ட பின் வந்த வசந்த காலத்தில், காற்றிலிருந்த பாதரசம் திடீரென்று, சில மணி நேரத்துக்குள், ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. பின்பு தோன்றிற்று, மீண்டும் மறைந்தது. கருவிதான் பழுதோ என்று எவரும் ஐயுறத்தக்க காட்சி. ஆனால் தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஓசோனும் அதே வேளைகளில் மறைந்தது. ஒன்றை இழுத்துச் சென்ற கைதான் மற்றொன்றையும் இழுத்துச் சென்றிருக்க வேண்டும். 1998-இல் இச்செய்தி 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது.

அந்தக் கை புரோமின். கடல் உறையும்போது அதன் உப்பு பனியின் மேற்பரப்பில் சேர்கிறது. அவ்வுப்பிலுள்ள புரோமின், புதிய சூரிய ஒளியில் வீறு பெற்றுக் காற்றிலே பரவி, ஓசோனை அழிப்பதோடு, பாதரச ஆவியை எளிதில் ஒட்டிக்கொள்ளும் வேறு வடிவாகவும் மாற்றிவிடுகிறது. அவ்வாறு மாறிய பாதரசம் பனியின்மேல் படிகிறது. படிந்ததெல்லாம் தங்கிவிடுவதில்லை, வெயில் ஏற ஏற ஒரு பகுதி மீண்டும் ஆவியாகிக் காற்றுக்கே திரும்புகிறது. எஞ்சியது பனி உருகும்போது நீரோடு செல்கிறது.

நிலத்தின் கதை வேறு. அலாஸ்காவின் தூந்திரப் பிரதேசத்தில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2017-இல் வெளிவந்தது. அங்கே தரைக்கு வரும் பாதரசத்தில் நூற்றுக்கு 70 பங்கு வரை, சிறு செடிகளும் பாசிகளும் காற்றிலிருந்து நேராக உறிஞ்சிக் கொள்வதே என்று அது காட்டிற்று. இலைகள் உதிர்கின்றன, குளிரில் அவை மக்குவது மெல்ல, அவற்றுக்குள்ளிருந்த பாதரசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைமண்ணில் சேர்ந்து கிடக்கிறது. அம்மண் இப்போது உருகத் தொடங்கியுள்ளது. அதனுள் இருக்கும் பாதரசத்தின் மொத்த அளவைப் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. எந்த மதிப்பீட்டின்படியும் அது சிறு தொகையன்று.

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பனியிலும் மண்ணிலும் கிடக்கும் இந்தப் பாதரசம் உணவில் ஏறும் பாதரசம் அன்று. இடையில் ஒரு மாற்றம் நிகழ வேண்டும். பிராணவாயு எட்டாத ஏரிச் சேற்றிலும் சதுப்பிலும் வாழும் சில பாக்டீரியாக்கள், பாதரசத்தோடு ஒரு கரிமத் துணுக்கை இணைத்து மீதைல் பாதரசமாக்குகின்றன. உயிரினங்களே இம்மாற்றத்தைச் செய்கின்றன என்பதைச் சுவீடன் நாட்டில் யென்சன், யெர்னலோவ் என்ற இருவர் 1969-இல் எடுத்துக்காட்டினர். அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் அடையாளம் காணப்பட்டன. மீதைல் பாதரசம் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, தசையில் குடியேறுகிறது. கொழுப்பை நீக்கினாலும் நீங்காது. கொதிக்க வைத்தாலும் போகாது.

கடல்நீரில் இதன் அளவு கருவிக்கும் எட்டுவது அரிது என்னுமளவுக்குச் சிறியது. நீரில் மிதக்கும் நுண்பாசி அதனை உறிஞ்சுகிறது. ஏற்றங்களுள் மிகப் பெரிய ஏற்றம் இந்த முதற்படியிலேயே நிகழ்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பாசியை உண்ணும் சிற்றுயிர், சிற்றுயிரை உண்ணும் மீன், மீனை உண்ணும் கடல்நாய், கடல்நாயை உண்ணும் கரடி என்று ஒவ்வொரு படியிலும் உண்டதைவிட வெளியேறுவது குறைவாதலால், சேமிப்பு வளர்கிறது. நீரிலிருந்ததை நோக்க, உச்சியிலுள்ள விலங்கில் அது பத்து லட்சம் மடங்கையும் தாண்டிவிடும்.

இந்த ஏணியின் உச்சியில் மனிதனும் இருக்கிறான். பழைய பூகோளப் புத்தகங்கள் எஸ்கிமோக்கள் என்று குறித்த இனுயிட் மக்களுக்கு உழவு இல்லை. அந்நிலத்தில் நெல்லோ கோதுமையோ விளையாது. கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் கலைமானும் தாம் அவர்களுடைய வயல். நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள பாரோ தீவு மக்களும் நெடுங்காலமாகத் திமிங்கில இறைச்சி உண்பவர்கள். அங்கே பால் வைஹே என்ற மருத்துவரும் பிலிப் கிராஞ்சான் என்ற பேராசிரியரும் 1986, 1987 ஆண்டுகளில் நிகழ்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிறப்புகளில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துப் பாதரசத்தை அளந்து வைத்தனர். அக்குழந்தைகள் ஏழு வயதானபோது மீண்டும் சோதித்தனர். அவர்கள் நோயாளிகள் அல்லர்; பள்ளிக்குச் சென்று ஓடியாடித் திரிந்த பிள்ளைகள். ஆனால் தாயின் வயிற்றில் அதிகப் பாதரசம் பெற்றவர்கள், கவனத்திலும் நினைவாற்றலிலும் மொழித்திறனிலும் சற்றே பின்தங்கியிருந்தனர். சற்றே என்ற சொல்லைக் கேட்டு இதனைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. ஓர் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் நேரும் சற்றே அது. 2008-இல் அத்தீவுகளின் மருத்துவ அதிகாரிகள், திமிங்கில இறைச்சி மனிதர் உண்ணத்தக்கது அன்று என்று அறிவித்தனர்.

பத்தியம் சொல்வது எளிது. உண்பவன் நிலையில் நின்று பார்த்தால் அது எளிதன்று. இனுயிட் ஊர்களுக்குக் கடைச் சரக்கு விமானத்திலும் கோடைக் கப்பலிலும் வர வேண்டும். விலை மிக அதிகம். வருவதிலும் மாவும் சர்க்கரையும் மிகுதி. திமிங்கில உணவோ இரும்பும் செலினியமும் நல்ல கொழுப்பும் தருவது. வேட்டையும் பங்கீடும் உறவைத் தாங்கி நிற்பவை. ஆகவே கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நூனாவிக்கில் மருத்துவர்கள் உணவை முழுதும் விலக்கச் சொல்லவில்லை. மகப்பேற்று வயதிலுள்ள பெண்கள் வெண்திமிங்கிலத்தின் இறைச்சியைக் குறைத்துக் கொள்ளவும், பாதரசம் குறைந்த ஆர்க்டிக் சார் என்னும் மீனை விரும்பி உண்ணவும் அறிவுரை கூறினர். பத்தியத்தை ஏற்பவள், எந்தப் புகைபோக்கியிலும் பங்கில்லாத ஒரு தாய் என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

அதே மாகாணத்தில் மற்றொரு பாடமும் கிடைத்தது. 1970-களில் லா கிராண்ட் நதியின் குறுக்கே மின்சாரத்துக்காகப் பேரணைகள் கட்டப்பட்டன. பரந்த காடுகள் நீரில் மூழ்கின. எந்த ஆலையும் அங்கே பாதரசத்தைக் கொட்டவில்லை. காட்டு மண்ணில் ஏற்கெனவே படிந்திருந்ததே போதுமானதாயிற்று. மூழ்கிய இலையும் வேரும் அழுகி பாக்டீரியாக்களுக்கு விருந்தளிக்க, மீதைல் பாதரசம் பெருகிற்று. பைக் என்னும் கொன்றுண்ணி மீனில் அதன் அளவு பல மடங்கு ஏறி, பழைய நிலைக்கு இறங்க இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன. அம்மீனை உண்டு வந்த கிரீ மக்களுடன் 1986-இல் இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. புகையில்லா மின்சாரத்துக்கும் விலை உண்டு.

இனி வருவதை நிறுத்திவிட்டால் மீன்கள் தெளியுமா? அல்லது சேற்றில் கிடக்கும் பழைய பாதரசமே தலைமுறை தலைமுறையாக நஞ்சூட்டுமா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு முழு ஏரியையே சோதனைக்கூடமாக்கினர். கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில், 658 என்ற எண்ணிட்ட சிறு ஏரி அது. 2001 முதல் 2007 வரை ஏரியிலும், சுற்றியுள்ள சதுப்பிலும், மேட்டுக் காட்டிலும் வெவ்வேறு எடையுள்ள மூவகைப் பாதரச ஐசோடோப்புகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். எந்த மீனில் எவ்விடத்துப் பாதரசம் என்று பிரித்தறியவே இவ்வேற்பாடு. ஏரியில் நேராக விழுந்தது சில மாதங்களிலேயே மீன்களில் தோன்றிற்று. காட்டில் தெளித்தது ஏறத்தாழ முழுவதும் மண்ணிலேயே தங்கிவிட்டது.

2007-க்குப் பின் சேர்ப்பதை நிறுத்தினர். சிற்றுயிர்களிலும் சிறு மீன்களிலும் அந்த அடையாளப் பாதரசம் விரைவாக இறங்கிற்று. பெரிய மீன்கள் தாம் முன்பு உண்டதை எளிதில் விடவில்லை. ஆனால் நிறுத்திய பின் பிறந்து வளர்ந்த மீன்களிடம் அது குறைவாகவே இருந்தது. ஆகவே எட்டு ஆண்டுகளுக்குள் ஏரியின் மீன்கூட்டம் கண்கூடாகத் தெளிந்தது. இம்முடிவு 2021-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2013-இல் ஜப்பானில் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரச உஷ்ணமானிகளை உற்பத்தியிலிருந்து விலக்கவும், பொன் தொழிலிலும் நிலக்கரிப் புகையிலும் பாதரசத்தைக் குறைக்கவும் நாடுகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. ஏரி சிறியது, வடகடல் பெரியது. அதன் ஆழ்நீர் மேலே திரும்பி வரவே நெடுங்காலம் வேண்டும். அலர்ட்டில் ஆண்டுதோறும் சூரியன் மீளும்போது, கருவியின் முள் இன்னமும் திடீரென்று பூஜ்யத்தை நோக்கிச் சாய்கிறது.