ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாவலும்

வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, விடுமுறை நாள் ஒன்றை முழுவதுமாக நூலகத்து நாவலோடு கழிப்பதைப் பற்றி இன்று பேசப்போகிறேன். சோம்பல் என்று இதை எங்கள் வீடுகளில் ஏசுவார்கள். நான் இதை ஒரு கலை என்றே மதிக்கிறேன்.

நாவல் நீளமாக வாசிக்கவென்றே எழுதப்படுவது. சோறு வடிப்பதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் நடுவில் பத்துப் பத்துப் பக்கமாக வாசித்தால் என்ன நடந்தது என்று தெரியும், நாவல் பிடிபடாது. அறுபதாம் பக்கத்தில் ஒருத்தி சொன்ன சொல், இருநூறாம் பக்கத்தில் அவள் பேசாமல் நிற்கும்போது எங்கள் காதில் கேட்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே பகலில் வாசித்தவருக்குத்தான் அது கேட்கும்.

திருகோணமலையில் இதற்குக் காலமும் இசைவாக இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது கூட்டி முடித்த விறாந்தையில் மறுபடியும் புழுதி. மார்கழி வாடைமழையில் தோய்த்துப் போட்ட உடுப்புக் காயாது. இப்படிப்பட்ட நாளில் சாய்மனைக் கதிரையில் படுத்து வாசிப்பதால் வீட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை.

தமிழ் நாவலோடு இந்த ஊருக்கு உள்ள உறவு பழையது. திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களில் அதுவும் ஒன்று. பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்களின் ஐரோப்பியக் கதையைத் தழுவியது. 1895இல் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது அதைத்தான். தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்துக் கதை. எழுதியவர் எங்கள் ஊர்க்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகப் பணியில் இருந்தவர்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘மோகனாங்கி’க்கு மூன்று வருடம் முன்பு, 1892இல், அவர் ‘தத்தை விடு தூது’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், அவளை அடைத்து வைக்கக் கூடாது என்று வாதாடுகிற நூல் அது. இன்று எங்கள் பெண்கள் படித்திருக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவளுக்கு வாசிக்க ஒரு பகல் கிடைக்கிறதா? கிழமை முழுக்கக் கந்தோர், ஞாயிறு முழுக்கக் குசினி. அந்தக் கவிஞர் தொடங்கிவைத்த வழக்கு இந்த இடத்தில் இன்னும் தீரவில்லை என்பது என் எண்ணம்.

எதை வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு, மூதூர் தந்த வ. அ. இராசரத்தினத்தைச் சொல்வேன். ‘தோணி’ சிறுகதைத் தொகுதிக்காக சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். ‘கொழுகொம்பு’, ‘துறைக்காரன்’ என்று நாவல்களும் எழுதியவர். கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்தவர்களுக்கு அவர் எழுத்தில் வரும் கடற்கரை பழகிய இடம். பழகிய இடத்தை அச்சில் காணும்போது வாசிப்பு தானாகவே மெதுவாகிறது. ஊரில் இத்தனை வருடம் கவனியாமல் விட்டவை அப்போது கண்ணில் படுகின்றன. ‘மோகனாங்கி’ கிடைத்தால் அதற்கு ஒரு ஞாயிறு போதாது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடை, அவசரப்பட்டால் கைவிட்டுப் போகும்.

புத்தகத்தைச் சனிக்கிழமையே இரவல் எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் தேடத் தொடங்கினால் அலுமாரி துடைக்கும் வேலைதான் நடக்கும். முதல் நாற்பது பக்கம் அலுப்பாக இருந்தாலும் கீழே வைக்காதீர்கள். கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும் போதும்.

அந்தச் சம்பலை யார் இடிப்பது என்பதையும் சனி இரவே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். கணவனும் பிள்ளைகளும் தேங்காய் துருவட்டும். மத்தியானம் அவர்கள் உப்புப் போத்தல் எங்கே என்று கேட்டால், பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள்.