ரயிலில் ஒரு நாள் இராமேஸ்வரம்

(பழைய மாணவர் சந்திப்பில் முன்னாள் பொருளாதார மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம். "எந்த ஊரு, எத்தனை பேரு, சில்லறை இருக்கா" அவ்வளவுதான். இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. முதலாண்டு மாணவர்களில் கடலை இதுவரை நேரில் பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள். (பல கைகள் உயர்ந்தன.) வெட்கப்பட வேண்டாம், நன்றாகத் தூக்குங்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களும் பார்க்கட்டும். மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ரயில் பாதையில் சுமார் 160 கிலோமீட்டர். காலையில் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். இத்தனை பக்கத்தில் இருந்தும் இத்தனை கைகள். இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1974 தை மாதம். எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பை எங்கள் பேராசிரியர் இராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனார். அன்றைக்கு மீட்டர் கேஜ், கரி எஞ்சின். அட்டை டிக்கெட். கையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது, அது 1988-ல்தான் வந்தது. தீவுக்குப் போக வேண்டுமானால் ரயில்தான்.

இந்தப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. ஏறக்குறைய வைகை போகிற வழியிலேயே ரயிலும் போகிறது. சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம். வைகையில் தண்ணீர் வந்தால் வழியில் உள்ள கண்மாய்கள் குடித்தது போக மிச்சம்தான் கடலுக்கு. பல வருஷம் அந்த மிச்சமும் இருக்காது. நம்ம ஊர் ஆறே எட்டாத கடலுக்கு நாம் பாசஞ்சர் ரயிலில் போய்விடுகிறோம்! இன்றைக்குப் போகிறவர்களுக்குச் சிலைமான் பக்கத்தில் கீழடி இருக்கிறது. எங்கள் காலத்தில் அது வெறும் தென்னந்தோப்பு. மானாமதுரை வந்தால் கடம் செய்கிற மண். பரமக்குடி தாண்டினால் சீமைக்கருவேலம். உச்சிப்புளி பக்கம் பனைமரம். அவித்த பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக ஜன்னலில் நீட்டினார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதை நார் உரிக்காமல் தின்று திண்டாடியது தனிக்கதை.

மண்டபம் தாண்டியதும் ரயில் ஊர ஆரம்பித்தது. பழைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது, எட்டிப் பார்த்தால் நேரே தண்ணீர்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த என் நண்பன், வாழ்க்கையில் அதுவரை கண்மாயை மட்டுமே பார்த்தவன், வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "மாப்ளே, மறுகரை எங்கடா?" பெட்டியே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விப்பா. மறுகரை தலைமன்னார்" என்றார். அங்கேயே, ஓடுகிற ரயிலில், அவர் நடத்திய பாடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலைப் பற்றிச் சொன்னார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரைக் கடல் எடுத்துக்கொண்டது. இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல் என்பார்கள். பின்னாளில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு வந்தபிறகுதான் அந்தக் கணக்கில் உள்ள ஓட்டை எனக்குப் புரிந்தது. டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் கணக்கு உண்டு. வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. பாலமும் அந்தப் புயலில் சிதைந்தது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் அதன்பிறகு ரயில் போகவே இல்லை.

கோயில், இருபத்திரண்டு தீர்த்தம், நீண்ட பிரகாரம் எல்லாம் நீங்கள் அறிந்ததே, அதை விட்டுவிடுகிறேன். திரும்பி வந்த கதைதான் முக்கியம்.

அப்போது இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மாலை ரயிலில் எங்கள் பெட்டியில் அப்படி ஒரு குடும்பம் ஏறியது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, நாலு பிள்ளைகள், ஒரு கிழவி. அந்தம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, எல்லாரும் காலேஜ்ல படிக்கிறீகளா? இங்கே கொழுந்து பறிக்கிற வேலை எந்தப் பக்கம் கிடைக்கும்?"

முப்பது பேர் இருந்தோம். பொருளாதாரம் மூன்றாம் வருஷம். மக்கள் தொகை, வேலைவாய்ப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் பரீட்சைக்குப் படித்தவர்கள். ஒருவர் வாயிலிருந்தும் பதில் வரவில்லை. பேராசிரியர்தான் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீலகிரி, வால்பாறை என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபம் முகாமில் அவர்கள் இறங்கினார்கள். தகரப் பெட்டியை உசிலம்பட்டி நண்பன்தான் இறக்கி வைத்தான். மதுரை வரும்வரை பெட்டியில் பாட்டுக் கச்சேரி இல்லை.

இது வேனில் போயிருந்தால் நடந்திருக்குமா? நடக்காது. வேனுக்குள் நாம் மட்டும்தான் இருப்போம், நம் பாட்டு மட்டும்தான் ஓடும். கடலைப் பார்த்துவிட்டு நாம் போனபடியே திரும்பி வருவோம். பாசஞ்சர் ரயிலில் எதிர் ஸீட்டில் யார் உட்காருவார்கள் என்பது நம் கையில் இல்லை. மீன்கூடைக்காரம்மா உட்காரலாம், வட இந்திய யாத்ரீகர் உட்காரலாம், பரமக்குடி நெசவாளி உட்காரலாம். அதற்காகத்தான் ரயிலில் போகச் சொல்கிறேன். கட்டணம் பஸ்ஸுக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது என்பது கூடுதல் லாபம்.

நடுவில் கொஞ்ச காலம் இது முடியாமல் இருந்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் மண்டபத்தோடு சரி. அந்த ஆண்டுகளில் இங்கே படித்து முடித்துப் போனவர்களுக்குப் பாலத்தில் போகும் வாய்ப்பே இல்லை. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். 18.3 மீட்டர் அளவில் 99 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறது. பழையதில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள். எனக்கு என்னவோ பழையதுதான் அழகு. ஆனால் ரயில் ஓடுவது புதியதில், அதனால் புதியதையே வாழ்த்துவோம்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் வைப்புநிதி வட்டியைக் கொண்டு கல்லூரி வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. முன்மொழிந்தவர் என் நெருங்கிய நண்பர், கோபித்துக்கொள்ள மாட்டார். வளைவு அழகாகத்தான் இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் கட்டுவோமே. இந்த வருஷ வட்டியில், சற்று முன் கைதூக்கிய பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பாசஞ்சரில் இராமேஸ்வரம் அழைத்துப் போவோம். டிக்கெட், சாப்பாடு, அங்கே உள்ளூர் பஸ், அவ்வளவுதான் செலவு. ஒவ்வொரு பத்துப் பிள்ளைகளுக்கும் பழைய மாணவர் ஒருவர் துணைக்கு வரவேண்டும். மாணவியருக்குப் பேராசிரியை அம்மாக்கள் இருவர். விடுதிப் பிள்ளைகள் திரும்பி வர ராத்திரி பத்து மணி ஆகிவிடும், அதற்கு வார்டனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபிறகு அங்கே கூட்டம் அதிகம். ஒரு பக்கம் பெண் கடல், மறுபக்கம் ஆண் கடல் என்பார்கள். இரண்டும் சேருகிற இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். அங்கே பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், காலை நனைக்கக்கூடாது. குளிக்க அக்னி தீர்த்தம் இருக்கிறது, அலை அடங்கிய கடல். எங்கள் பேராசிரியர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒன்று, இரண்டு என்று எங்களை உரக்க எண்ணச் சொல்வார். சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று முணுமுணுத்தோம். முப்பது பேர் போனோம், முப்பது பேர் திரும்பினோம். அந்த எண்ணிக்கை முறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

தீர்மானம் பிற்பகல் பொதுக்குழுவில் வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடாமல் எல்லோரும் வந்து உட்காருங்கள். துணைக்கு வர விரும்பும் பழைய மாணவர்கள் வாசலில் உள்ள மேஜையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிவிட்டுப் போகவும். என் பெயரையும் உசிலம்பட்டி நண்பன் பெயரையும் காலையிலேயே எழுதிவிட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது, அதோ பின்வரிசையில் இருக்கிறான், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுங்கள்.